கிட்னி டெஸ்ட் எடுத்தாச்சுன்னு சொல்றீங்க, எந்த டெஸ்ட்?

பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் நாப்பது வயசுக்கு மேல யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும், "ரத்தம் எடுத்தாங்க, கிட்னி ஓகேன்னு சொல்லிட்டாங்க". சரி, நம்பர் எவ்ளோ இருந்துச்சு, போன வருஷம் எவ்ளோ, யூரினும் எடுத்தாங்களான்னு அடுத்து கேட்டா பேச்சு அங்கேயே நின்னு போயிடும். இது அவங்க தப்பு இல்ல, யாரும் அவங்களுக்கு உக்காந்து சொல்லிக் குடுக்கல. ஆனா இந்த விஷயத்துல பாதி தெரிஞ்சு வச்சிருக்கறது ரொம்ப ஆபத்து, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

மலேசியாவுல பெரியவங்கள்ல நாள்பட்ட கிட்னி நோய் இருக்கறவங்க 2011 ஆய்வுல 9 விழுக்காடு, 2018ல திரும்ப பாத்தப்ப 15 விழுக்காட்டுக்கு மேல. ஏழு வருஷத்துல இவ்ளோ ஏத்தம். அதை விட எனக்கு கவலையா இருக்கற நம்பர் வேற ஒன்னு, அந்த 2018 ஆய்வுல நோய் இருந்தவங்கள்ல தனக்கு இருக்குன்னு தெரிஞ்சவங்க 5 விழுக்காடுதான். நூறு பேருக்கு கிட்னி கெட்டுக்கிட்டு இருந்தா தொண்ணூத்தஞ்சு பேரு தெரியாமலேயே வேலைக்கு போயிக்கிட்டு, கல்யாணத்துக்கு போயிக்கிட்டு இருக்காங்க. நாட்டுல இப்ப டயாலிசிஸ்ல இருக்கறவங்க 50,000 பேருக்கு மேல, புதுசா சேர்றவங்கள்ல பாதிக்கு மேல இனிப்பு நீர்னால, அதான் சர்க்கரை நோயால, கிட்னி போனவங்க. 2019 தேசிய சுகாதார ஆய்வுல நாட்டு மக்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர், இந்தியர்களை மட்டும் எடுத்தா 31.4. நம்ம ஆளுங்க மூனு பேர்ல ஒருத்தர் கிட்ட வருது. அப்ப இது நம்ம வீட்டு விஷயம்.

ஏன் தெரியாம போவுதுன்னா, கிட்னிக்கு கையிருப்பு ஜாஸ்தி. பாதி வேலை செய்யற சக்தி போனாலும் மீதி பாதி எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு போயிடும், உடம்புல ஒன்னும் காட்டாது. நம்ம ஊருல நிறைய பேரு நினைக்கறது, இடுப்பு வலிச்சாதான் கிட்னி பிரச்சனை, இல்லன்னா ஒன்னுக்கு நல்லா போவுது அதனால கிட்னி நல்லா இருக்கு. ரெண்டுமே நம்பக்கூடாது. இடுப்பு வலி பெரும்பாலும் முதுகு, தசை சமாச்சாரம், குலை வெட்டி வெட்டி, மூட்டை தூக்கி தூக்கி வந்தது. மூத்திர அளவும் அப்படித்தான், கிட்னி நாலாவது கட்டத்துக்கு போனவங்களுக்கு கூட வழக்கம் போல போயிக்கிட்டுதான் இருக்கும், தண்ணி வெளிய வருது ஆனா அதோட போகவேண்டிய கழிவு போகல, அது கண்ணுக்கு தெரியாது. கால் வீங்கறது, அரிப்பு, வாந்தி, மூச்சு வாங்கறது, சோறு பிடிக்காம போறது எல்லாம் வர்றப்ப முக்கால்வாசி முடிஞ்சிருக்கும். அதனால டெஸ்ட் ஒன்னுதான் வழி.

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல ரத்தம் எடுக்கறப்ப ஃபாரத்துல 'பியூஸ்'னு டிக் பண்ணுவாங்க, நர்ஸுங்க பேசிக்கறத கேட்டிருப்பீங்க. யூரியா, சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் அதுல வரும், கூடவே கிரியேட்டினின். இந்த கிரியேட்டினின்தான் முக்கியமான ஆளு. நம்ம தசை தினமும் வேலை செய்யறப்ப வர்ற கழிவு அது, கிட்டத்தட்ட ஒரே அளவுல வந்துக்கிட்டே இருக்கும், கிட்னி அதை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், கிட்னி சோர்ந்தா ரத்தத்துல தேங்கும். மேக்ஸ் ஜாஃபேங்கற ஜெர்மன்காரர் 1886லயே பிக்ரிக் ஆசிட்டோட இது சேர்ந்தா ஆரஞ்சு கலர் வருதுன்னு கண்டுபிடிச்சாரு, இன்னிக்கும் நிறைய லேப் மெஷின் அந்த அடிப்படைலதான் ஓடுது.

நம்ம நாட்டுல கிரியேட்டினின மைக்ரோமோல் கணக்குல குடுப்பாங்க. ஆம்பளைங்களுக்கு ஏறக்குறைய 60ல இருந்து 110 வரைக்கும், பொம்பளைங்களுக்கு 45ல இருந்து 90 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். இந்தியாவுல இருக்கற சொந்தக்காரங்க "எனக்கு 1.2"ன்னு சொன்னா பயந்துடாதீங்க, அது வேற அளவு, அதை 88ஆல பெருக்கினா நம்ம கணக்கு வந்துடும்.

இப்ப கவனமா கேளுங்க. கிரியேட்டினின் தசைலேர்ந்து வருதுன்னு சொன்னேன்ல, அப்ப தசை ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு இயல்பாவே கூட இருக்கும், தசை கம்மியா இருக்கறவங்களுக்கு கிட்னி கெட்டிருந்தாலும் நம்பர் நல்லா தெரியும். செம்பனை குலை வெட்டற 25 வயசு தம்பி ஒருத்தர், நல்ல தோளு, நல்ல கையி, கிரியேட்டினின் 100. அதே நாள் அதே கிளினிக்ல 65 வயசு பாட்டி, ஒரு காலத்துல பால்மரம் சீவினவங்க, இப்ப மெலிஞ்சு போயி இருக்காங்க, அவங்களுக்கும் 100. காகிதத்துல ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர். ஆனா வயசு, ஆணா பொண்ணா, ரெண்டையும் போட்டு கணக்கு பண்ணி பாத்தா தம்பியோட கிட்னி 90 சொச்சம் அளவுல ஓடுது, பாட்டியோடது 50 சொச்சத்துலதான் ஓடுது. பாட்டிக்கு ஏறக்குறைய பாதி போயிடுச்சு. "நூறுதானே, கொஞ்சம்தான் கூட இருக்கு"ன்னு சொல்லி அனுப்பினா அந்த பாட்டிக்கு அது எவ்ளோ பெரிய அநியாயம்.

இந்த கணக்குக்கு பேருதான் இ-ஜி-எஃப்-ஆர். கிட்னி ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்த சுத்தம் பண்ணுதுங்கறதோட மதிப்பீடு. நேரா அளந்தது கிடையாது, கிரியேட்டினின வச்சு சூத்திரம் போட்டு வர்ற நம்பர். சூத்திரமும் காலத்துக்கு காலம் மாறியிருக்கு, 2009ல வந்தது ஒன்னு, 2021ல திருத்தினது ஒன்னு, அதனால லேப் மாத்தினா ரெண்டு மூனு புள்ளி வித்தியாசம் வரலாம், அதுக்கு தூக்கம் கெட வேண்டாம். 90க்கு மேல முதல் கட்டம், 60ல இருந்து 89 ரெண்டு, 45ல இருந்து 59 மூனு-ஏ, 30ல இருந்து 44 மூனு-பி, 15ல இருந்து 29 நாலு, அதுக்கு கீழ அஞ்சு. ஆனா ஒன்னு, 60க்கு மேல இருந்தா நம்பர மட்டும் வச்சு கிட்னி நோய்னு சொல்ல முடியாது, யூரின்ல புரோட்டீனோ ஸ்கேன்ல கோளாறோ வேற ஏதாச்சும் சேதத்துக்கு அடையாளம் வேணும். அதோட எந்த கட்டமா இருந்தாலும் மூனு மாசத்துக்கு மேல அப்படியே இருந்தாதான் நாள்பட்டதுன்னு முடிவு பண்ணுவாங்க. ஒரே ஒரு ரத்தத்த பாத்துட்டு "உங்களுக்கு கிட்னி ஃபெயில்"னு யாரும் சொல்லிட முடியாது, "உங்களுக்கு ஒன்னும் இல்ல"ன்னும் முடிச்சிட முடியாது.

தீபாவளிக்கு மறுநாள் ஆட்டுக்கறி வயிறு நிறைய சாப்பிட்டுட்டு போயி ரத்தம் குடுத்தா கிரியேட்டினின் கொஞ்சம் கூடித்தான் காட்டும், வெந்த இறைச்சிலேயே அது இருக்கு. ஜிம்முக்கு போற பசங்க கிரியேட்டின் பவுடர் கலக்கி குடிச்சா கூடும். யூரின் கிருமிக்கு குடுக்கற ட்ரைமெத்தோப்ரிம் இருக்கற மாத்திரையும் கூட்டும், கிட்னிக்கு ஒன்னும் ஆகாமலேயே. வெயில்ல ஒரு நாள் பூரா தண்ணி இல்லாம வேலை பாத்துட்டு வந்தாலும் ஏறும். எதிர்ப்பக்கமும் இருக்கு, இனிப்பு நீர்ல காலை எடுத்தவங்க, ரொம்ப நாள் படுக்கைல இருக்கறவங்களுக்கு தசையே கம்மி, அவங்க ரிப்போர்ட்ல கிட்னி ரொம்ப நல்லா இருக்கற மாதிரி தெரியும், நம்பிடக்கூடாது. இந்த மாதிரி ஆளுங்களுக்கு சிஸ்டாட்டின்-சின்னு வேற ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அது தசைய அவ்வளவா நம்பி இருக்காது, எல்லா கிளினிக்லயும் எடுக்க மாட்டாங்க, ஸ்பெஷலிஸ்ட் வேணும்னா எழுதுவாரு.

ரத்தக் கதை இவ்ளோதான். நம்ம ஊருல விட்டுப்போறது யூரின் கதைதான், இந்த கட்டுரைய எழுதறதுக்கே அதுதான் காரணம்.

ரப்பர் ஸ்டோர்ல பால் ஊத்தறப்ப சல்லடை வச்சு வடிகட்டுவாங்க, பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். சல்லடை நல்லா இருந்தா பட்டை, குப்பை எல்லாம் மேல தங்கிடும், கிழிஞ்சா கீழ பீப்பாய்ல வந்து விழும், பால் இறங்கற வேகத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது. கிட்னிலயும் இனிப்பு நீர் முதல்ல பண்றது இந்த கிழிசல்தான். ரத்தத்துல தங்க வேண்டிய ஆல்புமின்ங்கற புரோட்டீன் மூத்திரத்துல கசிய ஆரம்பிக்கும், அந்த நேரத்துல கிரியேட்டினின் அழகா நார்மல்ல இருக்கும், இ-ஜி-எஃப்-ஆர் 95 இருக்கும், ரத்தத்த மட்டும் பாத்தவங்க ஓகேன்னுதான் சொல்லுவாங்க. அந்த கசிவ அந்த வயசுலயே புடிச்சா நிறைய செய்யலாம். ரத்தத்துல தெரியற வரைக்கும் காத்திருந்தா சில வருஷம் வீணாப் போயிருக்கும்.

கிளினிக்ல சின்ன பாட்டில குடுத்து டாய்லெட்டுக்கு அனுப்புவாங்கல்ல, அதுல ரெண்டு வித டெஸ்ட் இருக்கு, குழப்பிக்காதீங்க. ஒன்னு அங்கேயே பாக்கற பட்டை. ஒரு பிளாஸ்டிக் பட்டைல கலர் கலரா கட்டம் ஒட்டியிருக்கும், மூத்திரத்துல முக்கி எடுத்து, ஓரத்துல வழியறத துடைச்சிட்டு, டப்பா மேல இருக்கற கலர் அட்டையோட பக்கத்துல வச்சு பாப்பாங்க. புரோட்டீன் கட்டம் மஞ்சளா இருந்தா இல்லன்னு அர்த்தம், பச்சையா மாற மாற கசிவு ஜாஸ்தி. ரத்தம், சீழ், சர்க்கரைக்கு தனித்தனி கட்டம். நேரம் பாத்து படிக்கணும், டப்பா மூடிய திறந்தே போட்டிருந்தா நம்ம ஊரு ஈரக்காத்துக்கு பட்டை கெட்டுப் போயிடும். எம்பாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் மாதிரி புது சர்க்கரை மாத்திரை எடுக்கறவங்களுக்கு சர்க்கரை கட்டம் எப்பவும் கரும்பச்சையாவோ பழுப்பாவோதான் வரும், அந்த மாத்திரை வேலை செய்யற விதமே சர்க்கரைய மூத்திரத்துல தள்றதுதான், பயப்பட வேண்டாம்.

இந்த பட்டைல ஒரு குறை இருக்கு. கசிவு நல்லா கூடின பிறகுதான் கலர் மாறும். ஆரம்பத்துல லேசா கசியறத அது காட்டாது. அதுக்குத்தான் ரெண்டாவது டெஸ்ட், ஏ-சி-ஆர், லேபுக்கு போறது. ஆல்புமின மூத்திரத்துல இருக்கற கிரியேட்டினினோட வகுத்து சொல்லுவாங்க. ஏன் வகுக்கணும்னா, நீங்க காலைல ரெண்டு பெரிய கிளாஸ் தண்ணி குடிச்சிட்டு வந்தா மூத்திரம் நீர்த்து போயி புரோட்டீன் கம்மியா தெரியும், தண்ணியே குடிக்காம வந்தா கெட்டியா தெரியும், ரெண்டையும் சமப்படுத்தத்தான் அந்த வகுத்தல். 3க்கு கீழ இருந்தா நல்லது, 3ல இருந்து 30 வரைக்கும் கசிவு ஆரம்பம், 30க்கு மேல போனா கடுமையான கசிவு. இ-ஜி-எஃப்-ஆர் 90க்கு மேல இருந்து இந்த நம்பர் 30க்கு மேல இருந்தா கூட அவரு அபாயக் கணக்குல மேலதான் வருவாரு, ரத்தம் மட்டும் பாத்தா அவரு பேரு எந்த லிஸ்ட்லயும் வராது.

ஏ-சி-ஆருக்கு காலைல எழுந்தவுடனே வர்ற முதல் மூத்திரம்தான் நல்லது. காய்ச்சல், மூத்திரக் கிருமி, மாதவிடாய், முதல் நாள் கடுமையான உடல் உழைப்பு இதெல்லாம் இருந்தா பொய்யா கூடி காட்டும், நர்ஸ் கிட்ட சொல்லிட்டு வேற நாள் குடுங்க. ஒரு தடவ கூடி வந்தா திரும்ப எடுத்து பாப்பாங்க, மூனுல ரெண்டு தடவ கூடி வந்தாதான் உறுதி. மூத்திரம் போறப்ப கழுவினாலும் போகாத நுரை வந்தா அது ஒரு அடையாளம்தான், ஆனா நுரை வரலங்கறதுக்காக கசிவு இல்லன்னு நினைக்காதீங்க.

இனிப்பு நீர் இருக்கறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் ரத்தமும் யூரினும் ரெண்டும் எடுக்கணும், சாதாரணமா வர்ற வகைல கண்டுபிடிச்ச நாள்லேர்ந்தே. ரத்தக்கொதிப்பு இருக்கறவங்களுக்கும் இதே பேச்சு. ஏற்கனவே கிட்னி நோய்னு தெரிஞ்சவங்களுக்கு கட்டத்த பொறுத்து வருஷத்துக்கு ரெண்டு, மூனு, நாலு தடவை. அடுத்த தடவ டாக்டர பாக்கறப்ப வாய் திறந்து கேளுங்க, "டாக்டர், யூரின் ஏ-சி-ஆர் எடுத்தீங்களா, எவ்ளோ?" கேக்கறது மரியாதைக் குறைவு இல்ல.

இப்ப ஒரு நம்பர வச்சு இல்லாம நம்பரோட ஓட்டத்த எப்படி பாக்கறது. ஒரு அண்ணனுக்கு வயசு 48, இ-ஜி-எஃப்-ஆர் முதல் வருஷம் 88, அடுத்த வருஷம் 79, அதுக்கடுத்து 71. மூனு காகிதத்தையும் தனித்தனியா பாருங்க, எல்லாமே 60க்கு மேல, லேப் எதுலயும் சிவப்பு குறி போடாது. சேர்த்து வச்சு பாத்தா வருஷத்துக்கு எட்டு ஒம்பதுன்னு இறங்குது. நாப்பது வயசுக்கு மேல எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒன்னு கிட்ட இறங்கறது இயற்கை, அஞ்சுக்கு மேல தொடர்ந்து இறங்கினா வேகமா போகுதுன்னு அர்த்தம், காரணம் தேடியே ஆகணும். இந்த அண்ணனை "ஓகே"ன்னு மூனு தடவையும் அனுப்பியிருப்பாங்க, மூனு தடவையும் வேற வேற ஆளு பாத்திருந்தா.

வேற வேற ஆளு பாக்கறதுதான் நம்ம ஊரு நிலமையே. முன்னாடி தோட்டத்துல மருந்து குடுக்கற டிரஸ்ஸர் ஒரே ஆளு இருப்பாரு, அப்பாவுக்கு என்ன, தாத்தாவுக்கு என்னன்னு அவருக்கு தெரியும். தோட்டத்த பிரிச்சு வித்த பிறகு குடும்பங்க லயத்து வீட்ட விட்டுட்டு தாமான் குடியிருப்புக்கு வந்துடுச்சு, அண்ணன் ஃபேக்டரில வேலை, கம்பெனி பேனல் கிளினிக்ல ஒரு ரத்தம் எடுத்தாங்க, அது அங்கேயே இருக்கு. சம்பளம் வாங்கின அன்னிக்கு கடைவீதி கிளினிக்ல ஒன்னு எடுத்தாரு. ஈப்போ ஆஸ்பத்திரில ஒரு தடவ காய்ச்சல்னு படுத்தப்ப எடுத்தது அங்க இருக்கு. கெசிஹாத்தான்ல எடுத்தது புக்குல இருக்கு, புக்கு வீட்டுல எங்கயோ இருக்கு. நாலு இடத்துல நாலு நம்பர், யாருமே நாலையும் பக்கத்துல வச்சு பாக்கல. அதனால ரிப்போர்ட்ட கேட்டு வாங்குங்க, வாங்கி போன்ல படம் புடிச்சு வைங்க, இல்லன்னா சின்ன நோட்டுல தேதி, கிரியேட்டினின், இ-ஜி-எஃப்-ஆர், ஏ-சி-ஆர், பிரஷர், மூனு மாச சர்க்கரை கணக்கு இதுங்கள மட்டும் எழுதி வைங்க. அப்பா அம்மாவுக்கு படிக்க கஷ்டமா இருந்தா பிள்ளைங்க செய்யுங்க, அஞ்சு நிமிஷ வேலை. புது டாக்டர் முன்னாடி அந்த நோட்ட விரிச்சு வச்சா அவரு பாக்கற விதமே மாறிடும்.

அடுத்தது நான் ரொம்ப வருத்தத்தோட சொல்ற விஷயம். "உபாட் (மருந்து) சாப்பிட்டா கிட்னி ரொசாக் ஆயிடும் (கெட்டுடும்)"ங்கற பேச்சு. இதை நம்பி பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் குப்பைல போடறவங்க இருக்காங்க, அதே ஆளு மூட்டு வலிக்கு பொன்ஸ்தான், வோல்தாரென் மாதிரி மாத்திரைய மிட்டாய் மாதிரி போடுவாரு, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல வாங்கின பேரு தெரியாத ஜாமு மூலிகை மருந்த குடிப்பாரு. உண்மை தலைகீழா இருக்கு. கட்டுப்படாத பிரஷரும் சர்க்கரையும்தான் கிட்னிய கெடுக்குது, அந்த மாத்திரைங்க காப்பாத்துது. வலி மாத்திரைங்கதான் கிட்னிக்கு போற ரத்தத்த குறைக்கும், அதுவும் தண்ணி வத்தின உடம்புல. பேரு தெரியாத ஜாமுல ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் பொடியா கலந்து வித்து புடிபட்ட கதை நம்ம நாட்டுல நிறைய, அட்டைல 'எம்-ஏ-எல்'ன்னு தொடங்கற பதிவு நம்பர் இல்லன்னா தொடாதீங்க, இருந்தாலும் கிட்னி நோய் இருக்கறவங்க டாக்டர கேக்காம வேண்டாம்.

பெரிண்டோப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சா ரெண்டு வாரத்துலேர்ந்து நாலு வாரத்துக்குள்ள திரும்ப ரத்தம் எடுக்க சொல்லுவாங்க, கட்டாயம் போங்க. கிட்னிக்குள்ள இருக்கற அழுத்தத்த அது குறைக்கறதால கிரியேட்டினின் முதல்ல கொஞ்சம் ஏறும், 30 விழுக்காடு வரைக்கும் ஏறினா டாக்டருங்க ஏத்துக்குவாங்க, அதுக்கு மேல போனாதான் நிறுத்தி காரணம் பாப்பாங்க. இதை தெரியாம "மாத்திரை போட்டதும் கிட்னி ஏறிடுச்சு"ன்னு பயந்து தானா நிறுத்தினவங்க, கசிவ குறைக்கற மருந்தையே இழந்துட்டாங்க. ஆனா வாந்தி, பேதி வந்து ஒன்னும் உள்ள தங்காத நாள்ல இந்த மாதிரி மாத்திரைய நிறுத்தி வைக்கணுமான்னு கிளினிக்ல கேட்டுக்குங்க. சர்க்கரைக்கு குடுக்கற மெட்ஃபார்மினும் இ-ஜி-எஃப்-ஆர் 45க்கு கீழ போனா அளவு குறைப்பாங்க, 30க்கு கீழ நிறுத்துவாங்க, ஓட்டத்த பாத்துக்கிட்டு இருந்தாதான் இதெல்லாம் சரியான நேரத்துல நடக்கும்.

திடீர்னு கிட்னி நின்னு போறது வேற கதை, நாள்பட்டதோட சேர்க்கக்கூடாது. ரெண்டு நாள்ல கிரியேட்டினின் 26 ஏறினாலே, இல்ல ஒரு வாரத்துல ஒன்னரை மடங்கு ஆனாலே அது அவசரம். தோட்ட வேலைல இதுக்கு முக்கியமான வழி எலி மூத்திரக் காய்ச்சல். காய்ச்சலோட கெண்டைக்கால் சதை பயங்கரமா வலிக்குது, கண்ணு சிவந்துருக்கு, மூத்திரம் குறையுதுன்னா நேரா ஆஸ்பத்திரி, அங்க போயி முதல் வார்த்தையா "நான் தோட்டத்துல வேலை பாக்கறேன், சேத்துல, வாய்க்கால்ல நடக்கறவன்"னு சொல்லுங்க, அந்த ஒரு வாக்கியம் டாக்டர சரியான டெஸ்டுக்கு கொண்டு போகும். பாராகுவாட் களைக்கொல்லிய நம்ம நாடு 2020 ஜனவரி முதல் தேதிலேர்ந்து தடை பண்ணிடுச்சு, அது உள்ள போனா கிட்னியையும் நுரையீரலையும் சேர்த்து அழிக்கும். பழைய டின் எங்கயாச்சும் ஸ்டோர் மூலைல கிடந்தா தயவு செஞ்சு மினரல் தண்ணி பாட்டில்ல எதையும் ஊத்தி வைக்காதீங்க, பிள்ளைங்க இருக்கற வீடு.

பொட்டாசியம். பியூஸ்ல இந்த வரிய மட்டும் தனியா பாருங்க. 3.5லேர்ந்து 5 வரைக்கும் சரி, 6 தாண்டினா இதயத் துடிப்பே தடுமாறலாம், வலி கிலி ஒன்னும் காட்டாது. டாக்டர் உடனே கூப்பிட்டு ஈ-சி-ஜி எடுக்க சொன்னா சாக்கு சொல்லாம போங்க. சில நேரம் ரத்தம் எடுக்கறப்பவோ லேபுக்கு போற வழிலயோ ரத்த அணு உடைஞ்சு பொய்யா ஏறிக் காட்டும், அதுக்குத்தான் திரும்ப எடுப்பாங்க, "ரெண்டு தடவ குத்தறாங்க"ன்னு கோவிச்சுக்க வேண்டாம். இங்க ஒரு எச்சரிக்கை, வீட்டு வாசல்ல காய்க்கற பெலிம்பிங், அதான் நட்சத்திரப் பழம், கிட்னி நோய் முத்தினவங்களுக்கு அது விஷம். பொட்டாசியத்துக்காக மட்டும் சொல்லல, அதுல இருக்கற ஒரு நஞ்சு நல்ல கிட்னி வெளிய தள்ளிடும், கெட்ட கிட்னியால முடியாது, மூளைக்கு போயிடும். நிக்காத விக்கல்ல ஆரம்பிச்சு, குழப்பம், வலிப்பு, உயிர் போறது வரைக்கும் போகும். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு ஒரு கிளாஸ் ஜூஸ் கூட குடுக்கக்கூடாது, பாசத்துல பிழிஞ்சு குடுத்துடாதீங்க.

இதுக்கு மேல தேவைப்பட்டா அல்ட்ராசவுண்ட். வயித்து மேல ஜெல் தடவி பாக்கறது, வலிக்காது. பெரியவங்களுக்கு கிட்னி ஒவ்வொன்னும் 9லேர்ந்து 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், ரொம்ப நாள் கெட்டது சுருங்கி இருக்கும், கல்லு, அடைப்பு, கட்டி எல்லாம் தெரியும். இனிப்பு நீர்காரங்களுக்கு கெட்ட பிறகும் சைஸ் நார்மலா இருக்கலாம், ஸ்கேன் நல்லா இருக்குங்கறதால டெஸ்ட்ட விட்டுடக்கூடாது. 24 மணி நேர மூத்திரம் கேட்டா, காலைல முதல் தடவ வர்றத கீழ விட்டுட்டு, அதுக்கப்புறம் வர்ற எல்லாத்தையும், மறுநாள் காலைல முதல் தடவ வர்றது வரைக்கும் அந்த பெரிய பாட்டில்ல சேர்க்கணும், ஒரு தடவ விட்டாலும் கணக்கு தப்பு. யூரின்ல ரத்தமும் புரோட்டீனும் சேர்ந்து வந்து காரணம் புரியலன்னாதான் பயாப்ஸி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மாதிரி பெரிய ஆஸ்பத்திரில குப்புற படுக்க வச்சு, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே மெல்லிசா ஒரு துளி எடுப்பாங்க, அப்புறம் ரத்தம் கசியுதான்னு பல மணி நேரம் படுக்க வச்சு பாப்பாங்க.

காசு இல்லன்னு யாரும் டெஸ்ட்ட தள்ளிப் போட வேண்டாம். கெசிஹாத்தான்ல குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), டெஸ்டும் மருந்தும் அதுலயே. நாப்பது வயசு ஆனவங்க, அரசாங்க உதவித்தொகை லிஸ்ட்ல இருந்தா பெக்கா பி-நாப்பது திட்டத்துல தனியார் கிளினிக்லயே ரத்தம், யூரின் பரிசோதனை இலவசம். தொழிலாளர் காப்பீடான பெர்கேசோ கட்டறவங்களுக்கும் நாப்பதுக்கு மேல இலவச பரிசோதனை திட்டம் 2013லேர்ந்து இருக்கு. பெர்கேசோ ஆபீஸ்லயோ கிளினிக்லயோ உங்க ஐசி நம்பர குடுத்து தகுதி இருக்கான்னு கேளுங்க.

இ-ஜி-எஃப்-ஆர் 30க்கு கீழ போயிட்டா ஸ்பெஷலிஸ்ட் கைக்கு போயிடணும். அங்க ஹீமோகுளோபின், கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் எல்லாம் சேர்த்து பாப்பாங்க, கிட்னிதான் ரத்தம் ஊற சொல்ற ஹார்மோனையும் எலும்புக்கு வேண்டிய வைட்டமினையும் தயார் பண்ணுது, அதனால சோகையும் எலும்புக் கோளாறும் சேர்ந்தே வரும். டயாலிசிஸ், வயித்து வழி டயாலிசிஸ், மாத்து சிறுநீரகம் பத்தி அப்பவே பேச ஆரம்பிப்பாங்க, உடனே மாட்டப் போறாங்கன்னு அர்த்தம் இல்ல. ரத்த டயாலிசிஸுக்கு கைல ரத்தக் குழாய இணைச்சு ஒரு வழி பண்ணுவாங்க, அது தயாராக ரெண்டு மூனு மாசம் கூட ஆகும், அதுக்கு நல்ல நரம்பு வேணும். அதனால நாலாவது கட்டத்துல இருக்கறவங்க, எந்தக் கைல எழுதறதில்லையோ அந்தக் கைய பத்திரமா வச்சுக்குங்க, அதுல ரத்தம் எடுக்கவும் ட்ரிப் ஏத்தவும் விடாதீங்க, நர்ஸ் வந்தா "மிஸ்ஸி, கிட்னி டாக்டர் இந்தக் கைய குத்த வேணாம்னு சொல்லியிருக்காரு"ன்னு சொல்லி மத்தக் கைய நீட்டுங்க, அதுலயும் முடிஞ்ச வரைக்கும் புறங்கை நரம்புல எடுக்க சொல்லுங்க.